இடது முன் சக்கரத்தின் உள் பேட்

நான் முன்பு வேலை பார்த்த கார் பணிமனையிலிருந்து போன மாதம் சிவக்குமார் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் அங்கே இப்போது சீனியர் மெக்கானிக். ஜாப் கார்டு என்ற அட்டையை ஒழித்துவிட்டு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்களாம். பிரேக் பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து ஒரு வண்டி வந்தால், காரணத்தை எழுத வேண்டியதில்லை. திரையில் ஒரு பட்டியல் வரும், ஒன்றைத் தொட்டால் போதும். பட்டியலின் முதல் வரி, 'ஓட்டுநரின் பழக்கம்'. படத்துக்குக் கீழே சிவக்குமார் கேட்டிருந்தான்: "அண்ணே, எல்லாரும் இதையேதான் தொட்டுட்டுப் போறாங்க. இது கரெக்டா?"

கரெக்ட் இல்லை. பொய். தெரிந்தே சொல்லும் பொய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அவனுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒருவர் காலையிலிருந்து மாலைவரை பிரேக்கிலேயே கால் வைத்து ஓட்டட்டும். பேடுகள் சீக்கிரம் தேயும். ஆனால் எல்லாப் பேடும் சேர்ந்து தேயும். மிதி ஒன்றுதான். அதிலிருந்து போகும் பிரேக் ஆயிலின் அழுத்தம் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் ஒரே அளவுதான். நான்கு பேடில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துத் தேய்க்கிற கால் மனிதருக்குக் கிடையாது. இது ஒரு வாரம் பணிமனையில் நின்ற யாருக்கும் தெரியும். தெரிந்தும் பட்டியலில் முதல் வரியாக வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் ஓட்டுநர் அந்த இடத்தில் இருக்கமாட்டார். எதிர்த்துப் பேசவும் மாட்டார்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் லேத் மெஷினில் நின்றேன். அளக்காமல் வாய் திறக்கக் கூடாது என்பதைத் தவிர அங்கே கற்றதெல்லாம் மறந்துவிட்டது. பிறகு இந்தப் பணிமனை. ஓய்வு பெறும்வரை முப்பத்தொரு வருடம் அதே கேட். பெயரை எழுதவில்லை, எழுதினால் இன்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தொல்லை. தினமும் டைரி எழுதும் வழக்கம் எனக்குண்டு. என்ன வண்டி, என்ன கோளாறு, எத்தனை மணிக்கு எடுத்தேன், எத்தனை மணிக்கு விட்டேன். வரலாற்றுப் புத்தகங்கள் நிறையப் படிப்பேன். தோற்ற தளபதிகள் மழையையும் சேற்றையும் குறை சொல்லி அரசனுக்கு எழுதுவதை அவற்றில் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஜாப் கார்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

பேட் தேய்மானத்தைப் பார்க்கும் முறை இது. புகார் ஒரு பக்கம் என்றாலும் இரண்டு முன் சக்கரங்களையும் கழற்ற வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தட்டை உள்ளிருந்து ஒரு பேடும் வெளியிலிருந்து ஒரு பேடும் பிடிக்கின்றன. ஆக நான்கு பேடுகள். ஒவ்வொன்றையும் மேல் முனையில் ஒருமுறை, கீழ் முனையில் ஒருமுறை அளந்தால் எட்டு எண்கள். எட்டும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் பெங்களூர் டிராஃபிக்கைச் சொல்லலாம், ஓட்டுபவரைச் சொல்லலாம். ஒரு சக்கரத்தின் இரண்டு பேடும் மட்டும் குறைந்திருந்தால், பெடலை மிதித்து விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் பிரேக் ஆயிலிலிருந்து காற்றெடுக்கும் சின்ன நிப்பிளைக் கொஞ்சம் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் தளர்ந்தால், ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்துக்கொண்டு அழுத்தத்தைத் திரும்பவிடாமல் வைத்திருக்கிறது என்று அர்த்தம். தளராவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பின்கள் என்ற விரல் நீள இரும்புக் கம்பிகளை. பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். தள்ளுகிற பிஸ்டன் அதன் உள்பக்கம் மட்டுமே இருக்கிறது. அது உள் பேடைத் தள்ளும்போது கவ்வி இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளி பேடையும் இழுத்துப் பிடிக்கும். பின் வழுக்காமல் சிக்கிக்கொண்டால் வெளி பேட் சும்மா இருக்கும், உள் பேட் தனியாக உழைத்துத் தேயும். பேட் மாற்றும்போது நாங்கள் கீழ்ப் போல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு, மேல் பின்னையே கீல் போல வைத்துக் கவ்வியை மேலே தூக்கிவிடுவோம். பத்து நிமிட வேலை. அதனால் முழு சர்வீஸில் தவிர மேல் பின்னை யாரும் உருவிப் பார்ப்பதேயில்லை. இன்றைக்கும் பார்ப்பதில்லை என்று சிவக்குமார் சொல்கிறான்.

இதையெல்லாம் எங்களைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் வின்சென்ட் சார். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் சரியாக எட்டு பத்துக்கு வருவார். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே மடித்த வெள்ளைக் கைக்குட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கட்டை விரல் நகத்தைப் பேடின் விளிம்பில் வைத்து, "நாலரை இருக்கும்" என்பார். அளந்தால் நாலரை மில்லிமீட்டர் இருக்கும். ஜாப் கார்டில் எல்லாக் கட்டங்களையும் நாங்கள் நிரப்பலாம். 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் அவரே எழுதுவார், பச்சை மையில், அழகான சாய்ந்த எழுத்தில். பிறகு அட்டையை எங்கள் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் குறுக்காக வைப்பார். பேச்சு கிடையாது. பேனா வைத்தால் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் போட்டிருந்த இன்னொரு விதி ஸ்டோர் விதி. காலிப்பர் பின்னுக்குத் தனி கிரீஸ் உண்டு. ரப்பரைக் கெடுக்காதது, சின்ன டியூபில் வரும். அதை ஸ்டோரிலிருந்து வாங்க அவர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். சீட்டுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் கையெழுத்துப் போடுவார். செவ்வாய்க்கிழமை டியூப் தீர்ந்தால் அடுத்த திங்கள்வரை என்ன செய்வது? பணிமனை மூலையில் பேரிங் கிரீஸ் டிரம் திறந்தே கிடக்கும். எல்லோரும் அதில்தான் விரல் விட்டார்கள். ஒருமுறை நான் தயங்கியபோது வண்டி தூக்கும் பக்கத்து லிஃப்டில் வேலை பார்த்த பாஷா சிரித்தான். "அரே கோபால் பாய், கிரீஸ்தானே, பூசு. வண்டிக்கு என்ன நாக்கா இருக்கு, ருசி பாக்க?"

அந்தக் கிரீஸ் ரப்பரில் பட்டால் ரப்பர் மெதுவாக ஊதும். இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் உறை உண்டு. அது ஊதினால் பின் தன் துளைக்குள்ளேயே இறுகிவிடும். ஒரே நாளில் ஆகாது, மாதங்கள் பிடிக்கும். அதற்குள் யார் பூசினார்கள் என்பது மறந்துபோகும். எனக்கு மறக்கவில்லை, டைரி இருந்தது.

டாக்டர் சுமா, இந்திராநகரில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர். அவருடைய வண்டியை ஓட்டியவர் முனிரத்தினம், மர்பி டவுன்காரர். பதினான்கு வருடமாக அதே குடும்பத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் சர்வீஸுக்கு விட்டபோது நான்தான் எடுத்தேன். பேடுகள் எல்லாம் சமமாக இருந்தன. பிப்ரவரியில் இடது உள் பேட் தீர்ந்து வந்தது. வேறொருவர் பேட் மட்டும் மாற்றி அனுப்பினார். ஜூனில் முனிரத்தினம் மறுபடியும் வந்து, "பிரேக் அடிச்சா வண்டி ரைட்டுக்கு இழுக்குது" என்று சொல்லியிருக்கிறார். வீல் அலைன்மென்ட் செய்து அனுப்பிவிட்டார்கள். பேடைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலையில், ஒரு மழை நாள், அல்சூர் ஏரிப் பக்கம் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. முனிரத்தினம் அழுத்தி பிரேக் பிடித்தார். இடது சக்கரம் பாதிதான் பிடித்தது. வண்டி வலப்புறம் இழுத்துக்கொண்டு போய் நடுத்தடுப்பில் மோதியது. பின் சீட்டில் இருந்த டாக்டரின் அப்பாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

வண்டி எங்களிடம் வந்தது சனிக்கிழமை மதியம் இரண்டு ஐம்பதுக்கு. நான்தான் கழற்றினேன். வலது பக்கம் உள்ளும் வெளியும் ஏழு, ஏழு. இடது வெளி பேட் மேலே ஒன்பது, கீழே எட்டு, கிட்டத்தட்டப் புதுசு. இடது உள் பேடில் தேய்மானப் பொருளே இல்லை; இரும்பும் இரும்பும் உரசித் தட்டில் பள்ளம் விழுந்திருந்தது. மேல் பின்னை உருவப் பார்த்தேன், வரவில்லை. வைஸில் பிடித்து முறுக்கி இழுத்தபோது வந்தது. நுனியில் இருந்த ரப்பர், நனைந்த சுண்டல் கடலை மாதிரி ஊதியிருந்தது. மேலே பழுப்பு நிறத்தில் பேரிங் கிரீஸ்.

வீடு திரும்பும்வரை காத்திராமல் அப்போதே என் பையிலிருந்த பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். டைரி வீட்டில் இருந்தது. ஆனால் தேவைப்படவில்லை. அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. வலது சக்கரத்துக்கு டியூபின் அடியைச் சுருட்டிப் பிழிந்து பூசினேன். அத்தோடு டியூப் காலி. இடது சக்கரத்துக்கு டிரம்மில் விரல் விட்டேன்.

பின்னை எடுத்துக்கொண்டு வின்சென்ட் சார் அறைக்குப் போனேன். அவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். ரப்பரை நகத்தால் அழுத்தினார்.

"யாரு வெச்ச கிரீஸ்?"

"நான்தான் சார். டியூப் இல்ல அன்னைக்கு."

அவர் தலையாட்டினார். பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதினார்: 'டிரைவிங் ஹாபிட்'. அட்டையைத் திருப்பினார். பேனாவைக் குறுக்காக வைத்தார்.

"சார், இது எப்படி? ஒத்த பேட்தானே தேஞ்சிருக்கு?"

"உனக்காகத்தான் எழுதறேன் கோபால்" என்றார், மிகவும் அன்பாக. "உண்மையை எழுதினா முதல்ல உன் பேருதான் வரும். அப்புறம் இந்த ஒர்க்‌ஷாப் பேரு. இங்க அறுபது குடும்பம் இருக்கு. டிரைவருக்கு என்ன, இந்த ஊர்ல டிரைவர் வேலைக்கா பஞ்சம்?"

நான் கையெழுத்துப் போட்டேன். மணி ஐந்து இருபது. அந்த நேரத்தை அன்றிரவு டைரியில் எழுதினேன். கையெழுத்துப் போட்டதை எழுதவில்லை. அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் அவர் மேல் வரும் கோபம் பாதிதான், மீதி என் மேல்.

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், செக்யூரிட்டி வந்து என்னை யாரோ கேட்கிறார்கள் என்றார். கேட்டுக்கு வெளியே முனிரத்தினம் நின்றிருந்தார். வெளுத்த சட்டை, ஷேவ் செய்த முகம். கையில் அந்த ஜாப் கார்டின் ஜெராக்ஸ்.

"வேலய விட்டுத் தூக்கிட்டாங்கண்ணா" என்றார். "பரவால்ல. பெரியவருக்குக் கை ஒடஞ்சிச்சி, கோவம் இருக்கும். ஸ்கூல் பஸ் ஓட்ட ஒரு எடத்துல பேசி வெச்சேன். பழைய ஓனர்கிட்ட லெட்டர் வாங்கினு வான்றாங்க. மேடத்துகிட்ட போனா இந்தக் காயிதத்தக் குடுத்து, இதயே காட்டிக்கோன்றாங்க. வேற நாலு வீட்டுல கேட்டேன். அங்கயும் மேடம் சொல்லி வெச்சிருக்காங்க."

ஜெராக்ஸை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சண்ட போட வரல. ஒன்னே ஒன்னு கேட்டுக்கினு போயிடறேன். இதுல உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"எனக்கு ரெண்டு காலு இருக்கு. பிரேக்குல ஒரு காலுதான் வெக்கிறேன். அந்த ஒரு காலு லெப்ட் வீலுல, அதுலயும் உள்பக்கப் பேட மட்டும் எப்படிண்ணா தேய்க்கும்? அந்த வித்தய எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. சர்க்கஸ்ல சேந்துடறேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வின்சென்ட் சாரிடம் கேட்ட அதே கேள்வி அது. நான் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இவருக்குப் போடவும் ஒன்றுமில்லை. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

அன்று மாலை நாலு மணிக்கே பர்மிஷன் எழுதிவிட்டு, அந்த நான்கு பேடுகளையும் பின்னையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு இந்திராநகர் போனேன். பழைய உதிரிகளை நான் உடனே குப்பைக்கு அனுப்புவதில்லை, அதனால் கிடைத்தன. டாக்டர் சுமா கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார்.

"ஒர்க்‌ஷாப்பா? ஸ்வல்ப நேரம் உக்காருங்க, பேஷண்ட் இருக்காங்க" என்றார். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் அவர் மேசையில் செய்தித்தாளை விரித்து நான்கு பேடுகளையும் வரிசையாக வைத்தேன்.

"ஏன்ரீ இது? என்ன இதெல்லாம்?"

எந்தப் பேட் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பின்னைக் கையில் கொடுத்தேன். டிரம் கிரீஸைச் சொன்னேன், பூசியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் தேய்ந்துபோன பேடையும் புதுசு போலிருந்த பேடையும் இரண்டு கையிலும் எடுத்துப் பார்த்தார்.

"என்கிட்ட ஒருத்தர் ஒரே ஒரு பல்லு மட்டும் தேஞ்சு வந்தா, நீங்க சோறு அதிகமா சாப்பிடறீங்கன்னா சொல்லுவேன்?" என்றார். பிறகு பேடைக் கீழே வைத்தார். "இது அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சு சைன் பண்ணீங்க. நான் அதைப் படிச்சிட்டு, பதினாலு வருஷம் என் பிள்ளைங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன ஆளை, கேட்டுக்கு வெளியில நிக்க வெச்சுப் பேசினேன்." அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "மன்னிப்பு எல்லாம் வேண்டாம். எழுதுங்க. உங்க பேரு போட்டு எழுதுங்க."

தன் மருந்துச் சீட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். எட்டு எண்களையும் எழுதினேன். கிரீஸ், ரப்பர், ஆகஸ்ட், வியாழக்கிழமை எல்லாம். இரண்டு தாள் ஆனது. டாக்டர் அனுப்பிய அதன் நகல் புதன்கிழமை வின்சென்ட் சார் மேசைக்கு வந்துவிட்டது.

அவர் என்னைக் கூப்பிட்டு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். தாள்களை முழுவதும் படித்தார். ஒரு இடத்தில் என் எழுத்துப் பிழையைப் பச்சைப் பேனாவால் திருத்தவும் செய்தார்.

"எழுதினது எல்லாம் சரி" என்றார். "எழுதின எடம்தான் தப்பு. என்கிட்ட எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"உங்ககிட்ட பின்னையே குடுத்தேனே சார்."

அவர் கைக்குட்டையைக் காலரிலிருந்து எடுத்து மடித்தார், மறுபடி வைத்தார். மறுநாள் காலையிலிருந்து என்னை வாட்டர் வாஷுக்கு மாற்றினார்கள். இருபது வருடம் பிரேக் பார்த்தவன் பத்து மாதம் வண்டிகளின் மிதியடி கழுவினேன். ஸ்டோர் விதி மாறவில்லை. டிரம் அதே மூலையில் திறந்தே இருந்தது. ஒரே ஒரு மாற்றம், அதற்குப் பிறகு பழைய உதிரிகளை அன்றன்றே குப்பைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது.

டாக்டர் சுமா தானே மர்பி டவுனுக்குப் போய் முனிரத்தினத்தைக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்கூல் பஸ் வேலைக்கு அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இரண்டு வாரம் யோசித்துவிட்டு அவர் திரும்பவும் அந்த வீட்டு வேலைக்கே போனார்.

அடுத்த சர்வீஸுக்கு வண்டியை அவர்தான் கொண்டுவந்தார். பிரேக்கைக் கோபால் அண்ணன்தான் கழற்ற வேண்டும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்ததால், வாஷிலிருந்து என்னை அந்த ஒரு வண்டிக்கு மட்டும் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டைத் தாண்டி முனிரத்தினம் லிஃப்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வின்சென்ட் சார் பார்த்துவிட்டார்.

"முனிரத்தினம், லவுஞ்சுல காபி இருக்கு. அங்க உக்காரலாமே."

"காபி ஆயித்து சார்" என்றார் முனிரத்தினம். "நான் தேச்ச பேட எல்லாம் ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடறேன்."

வின்சென்ட் சார் போய்விட்டார். நான் இரண்டு சக்கரங்களையும் கழற்றினேன். இரண்டு பக்கமும் மேல் பின், கீழ் பின் நான்கையும் உருவித் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்து இடது உள் பேடில் வைக்கப் போனேன்.

"உங்களுது வேணாம்ணா" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருப்பது. குந்தி உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு பேடின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் வைத்து அளந்தார். அளந்ததைச் சொன்னார். நான் எழுதினேன். எட்டும் சமமாக இருந்தன.

அட்டையை என்னிடமிருந்து வாங்கினார். நான் எழுதிய எண்களை உதடு அசைய மெதுவாகப் படித்தார். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதைப் பேனாவால் குறுக்கே அடித்தார். கீழே மெக்கானிக் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதிவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க இதுக்குக் கீழ போடுங்கண்ணா."